பாதி விலை

எண்ணூற்றைம்பது டிகிரிக்குக் கீழே இறங்காதே.
இரவுப் பணியில் உலையிடம் எனக்கு
வேறு வேண்டுதல் இல்லை.

கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து
ஆழக் குழிக்குள் இரும்பு விரல்களை இறக்குகிறேன்.
அள்ளு. உயர்த்து. உதறு.
ஈரத்தின்மேல் காய்ந்தது, காய்ந்ததின்மேல் ஈரம்.
சோறு பிசைவதுபோல் பிசைந்து ஊட்டினால்தான்
முகம் சுளிக்காமல் உண்ணும் அது.

மழை வாரங்களில் விக்கும்.
வெப்பமுள் சரியும்; எரிவாயுவைத் திறப்பேன்.
தர்பூசணித் தோல், தேயிலைச் சக்கை,
பிழியாமல் எறிந்த முள்ளங்கித் துருவல்,
அடிப்பக்கம் கிழிந்து ஒழுகும் சூப்.
பத்தொன்பது வருடமாக
தண்ணீரை எரிப்பதுதான் என் வேலை.

வெளியே அப்படிச் சொல்வதில்லை.
சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம்
மின்சாரம் எடுக்கிறோம் என்பேன்,
பக்கத்து நீச்சல்குளத்துக்கு வெந்நீர் தருகிறோம் என்பேன்.
இரண்டும் உண்மை.
அந்த நகம் என்னைத் தூக்குமா என்று கேட்பார்கள்.
உன் வகுப்பையே தூக்கும் என்பேன்.
சாம்பலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
விரிகுடாவுக்குள் சுவர் கட்டியிருக்கிறோம்.
சுவருக்குள் கடல் இருந்தது.
இப்போது முக்கால்வாசி இல்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
பை திறந்து பார்க்கும் நாள்.
லாரியை மறித்து, பத்துப் பை உருவி,
நீல விரிப்பில் கிழித்துக் கொட்டி, எடை போட்டு எழுதுவோம்.
எங்கள் நகரத்தில் பையின்மேல்
குடும்பப் பெயரைத் தடித்த மையில் எழுத வேண்டும்.
மூன்றாவது பையை இசோபே உரக்க வாசித்தான்:
"குராமோச்சி, நான்காம் தெரு"
வாசித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.
கத்தி அவன் கையில்.

கிழி, என்றேன்.

பிரிக்காத டோஃபு இரண்டு.
முளைவிட்ட உருளைக்கிழங்கு.
அரை முள்ளங்கி.
மீன் வறுவல் டப்பா, மூடிகூடத் திறக்கவில்லை,
அதன் நெற்றியில் சிவப்பு ஒட்டி: பாதி விலை.
அந்த ஒட்டியை எனக்குத் தெரியும்.
விடுப்பு நாட்களில் இரவு எட்டு மணிக்கு
ஊழியன் அதை ஒட்டும் வரை
அலமாரி அருகே சும்மா உலாத்துகிறவன் நான்.
பாதி விலைக்கு வாங்கியதை
முழுசாக எறிந்திருக்கிறோம்.

"உண்ணத் தக்கது, இரண்டு கிலோ நூறு."
இசோபே எழுதிக்கொண்டான்.
பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டான்.
அந்தக் கருணைதான் அதிகம் சுட்டது.

மிட்சுயோ முதலில் சிரித்தாள்.
அப்புறம், வேறு என்னென்ன பார்த்தார்கள் என்று கேட்டு
காது வரை சிவந்தாள்.
சபதம் எதுவும் எடுக்கவில்லை நாங்கள்.
குளிர்பெட்டியின் பின்வரிசை முன்னுக்கு வந்தது.
எட்டு மணிக்கு நான் கடைப்பக்கம் போவதில்லை.
தேயிலைச் சக்கையை முஷ்டியில் இறுக்கிப் பிழிகிறாள்,
யாருடைய கழுத்தென்று கேட்க எனக்குத் துணிவில்லை.
பால்கனிக் கம்பியில் முள்ளங்கித் தோல் காய்கிறது.
மாடி வீட்டு நிஷிகோரி அம்மாள்
இது எந்த ஊர்ச் சமையல் என்று விசாரிக்கிறாள்.

ஆலையில் ஒரு பேச்சு உலவுகிறது:
குப்பை இன்னும் குறைந்தால்
இரண்டாம் உலையை அணைத்துவிடுவார்களாம்.
இசோபேக்கு வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம்.
ஊரை வாயைக் கட்டச் சொன்னால்
எங்கள் வயிறு என்னாகும் என்கிறான்.
அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.
கடலுக்குச் சொல்லவும் இல்லை.

நேற்று எங்கள் வீட்டிலிருந்து
பத்து லிட்டர்ப் பை, அதிலும் பாதிதான்.
மிட்சுயோ பெயரை மட்டும்
பழைய அளவிலேயே, பெரிதாக எழுதியிருந்தாள்.

நள்ளிரவு தாண்டி, வேலையில்லாத ஒரு கணத்தில்
இரும்பு விரல்களால் குழியைத் துழாவினேன்.
அள்ளு. உயர்த்து. உதறு.
ஊரார் பெயர்கள் எல்லாம் கொட்டின.
எங்களுடையது
அகப்படவில்லை.